மலிவான மின்சாரம், இடம் மாறும் சுமை: வளரும் நாடுகளின் மின்கொள்கை குறித்து ஓர் ஆய்வு

பெரிய சூரிய மின்நிலையங்களில் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் சராசரிச் செலவு, 2010க்கும் 2023க்கும் இடையே உலக அளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் 2010 டிசம்பரில் நடந்த தேசிய சூரிய ஆற்றல் இயக்க ஏலத்தில் மிகக் குறைந்த விலை யூனிட்டுக்கு 10.95 ரூபாய். சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் அது 1.99 ரூபாய்க்கு இறங்கியது. இந்தியாவின் மொத்த மின்நிறுவு திறனில் பாதி, 2025ஆம் ஆண்டின் நடுவில், நிலக்கரி, எரிவாயு சாராத ஆதாரங்களின் கைக்கு வந்துவிட்டது.

ஆயினும் இதே காலத்தில் பல வளரும் நாடுகளின் மின்வாரியங்கள் கடனில் மூழ்கின. மின்கட்டணம் ஏறியது. ஒருபக்கம் மின்வெட்டு நீடிக்க, இன்னொருபக்கம் உற்பத்தியான சூரிய மின்சாரத்தை வாங்க வழியின்றி நிறுத்திவைக்கும் நிலையும் வந்தது. இந்த முரண்பாட்டின் அடியில் கிடப்பது ஒரு பழைய கேள்வி. காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கப் பெரும் முதலீடு முதலிலேயே போடவேண்டும். அது திரும்பிவர இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட காலத்தின் ஆபத்தை யார் சுமப்பது? அரசா, மின்வாரியமா, முதலீட்டாளரா, நுகர்வோரா? இதற்கு இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும், அவை பிறந்த சூழலையும், இடறிய இடங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

அரசே செய்யட்டும்

முதல் விடை, மின்சாரம் பொதுச்சொத்து என்ற நம்பிக்கையில் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியா 1948ல் மின்வழங்கல் சட்டத்தை இயற்றி மாநில மின்வாரியங்களுக்கு வழிவகுத்தது. தமிழகத்தில் 1957ல் மின்வாரியம் உருவானது. தென்னாப்பிரிக்காவின் எஸ்காம், வியட்நாமின் ஈ.வி.என்., இலங்கை மின்சார சபை எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை. உற்பத்தி, கடத்தல், பகிர்மானம் மூன்றும் ஒரே குடையின் கீழ் இருந்தன. லாபம் வராத கிராமத்துக்கும் கம்பி இழுத்தது இந்த அமைப்புதான். அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

காற்றாலைக்கும் முதல் வழியை இதே அமைப்புதான் திறந்தது. 1986ல் தூத்துக்குடி, குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஆகிய கடலோரப் பகுதிகளில் அரசு உதவியுடன் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. இங்கே காற்று உண்டு, அதில் மின்சாரம் எடுக்க முடியும் என்று காட்டியது பொதுப்பணமே. தனியார் முதலீடு அதன் பின்னால்தான் வந்தது.

இந்த அமைப்பின் பலவீனம் விலையில் இருந்தது. கட்டணத்தை நிர்ணயித்தது செலவுக் கணக்கைவிட அதிகமாகத் தேர்தல் கணக்கு. தமிழகத்தில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் அதன் பயனைப் பெறுகின்றன. இந்தச் சலுகைக்கு வலுவான சமூக நியாயம் உண்டு. ஆனால் அதன் செலவை மாநில அரசு முழுமையாக, உரிய காலத்தில் ஈடுசெய்யாதபோது வாரியத்தின் கணக்கில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கூடுதல் கட்டணம் விதித்து அடைப்பதே வழக்கமானது. குறுக்கு மானியம் என்ற இந்த ஏற்பாடு, பின்னால் வந்த எல்லாக் கொள்கைகளையும் நிழலாகத் தொடர்கிறது.

விலைக்கு உறுதி கொடுங்கள்

இரண்டாவது விடை அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலும், ஜெர்மனியின் 1990, 2000ஆம் ஆண்டுச் சட்டங்களிலும் உருப்பெற்றது. யார் தயாரித்தாலும் மின்நிறுவனம் வாங்கியே ஆகவேண்டும், அதுவும் முன்கூட்டி அறிவித்த விலையில், நீண்ட கால ஒப்பந்தத்தில் என்பது அதன் சாரம். விலை ஆபத்து முதலீட்டாளரின் தோளிலிருந்து இறங்குவதால் வங்கிகள் துணிந்து கடன் கொடுக்கின்றன. இலங்கையின் மலைநாட்டில் சிறு நீர்மின் நிலையங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து பெருகியதற்கு, இதே தன்மையுள்ள நிலையான கொள்முதல் ஒப்பந்தங்கள் பெரிதும் காரணமாயின.

இந்த முறையின் வலிமையும் ஆபத்தும் வியட்நாமில் ஒருசேரத் தெரிந்தன. 2017ல் அந்நாடு சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று விலை அறிவித்தது. 2019 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கும் நிலையங்களுக்கே அந்த விலை. 2020க்குள் 850 மெகாவாட் வந்தால் போதும் என்பது அப்போதைய திட்டம். கெடு முடிவதற்குள் வந்தது ஏறத்தாழ 4,500 மெகாவாட். அடுத்த விலை அறிவிப்பும் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான சலுகையும் சேர்ந்து, 2020 இறுதியில் அது 16,000 மெகாவாட்டைத் தாண்டியது. உலகில் வேறெங்கும் அரிதாகவே கண்ட வேகம் இது.

ஆனால் நிலையங்களில் பெரும்பகுதி வெயில் மிகுந்த நின் துவான், பின் துவான் மாகாணங்களில் குவிந்தது. அங்கிருந்து மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கம்பிகள் அதே வேகத்தில் வரவில்லை. ஒரு சூரியப் பூங்காவை ஓராண்டுக்குள் கட்டிவிடலாம். உயரழுத்தப் பாதைக்கு நிலம் எடுத்துக் கோபுரம் நட்டு முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். விளைவாக, தெற்கில் உற்பத்தியை வெட்டவேண்டியிருந்தது. 2023 ஜூனில், அதே நாட்டின் வடக்கில் தொழிற்பேட்டைகள் மின்வெட்டில் தவித்தன. விலை உறுதி முதலீட்டை வரவழைக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை அது தானாக முடிவுசெய்யாது.

ஏலத்தில் விலை தெரியட்டும்

அரசு நிர்ணயிக்கும் விலை அதிகமாகிவிட்டால் அந்தச் சுமை இருபது ஆண்டுகளுக்கு மக்கள் தலையில் நிற்கும். இந்த அச்சத்திலிருந்து பிறந்தது மூன்றாவது விடை. பிரேசில் 2009ல் காற்றாலைக்கெனத் தனி ஏலம் நடத்தியது. தென்னாப்பிரிக்கா 2009ல் அறிவித்த நிலையான விலையைக் கைவிட்டு 2011ல் ஏலத்துக்கு மாறியது. இந்தியாவில் சூரிய மின்சாரம் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் ஏலத்தின் வழியே வளர்ந்தது. காற்றாலைக்கு 2017 பிப்ரவரியில் முதல் தேசிய ஏலம் நடந்தது, 3.46 ரூபாய்க்கு விலை இறங்கியது. விலை வீழ்ச்சியின் பலன் நுகர்வோரைச் சேர ஏலமே சிறந்த கருவி என்ற வாதம் இந்த எண்களிலிருந்து வலுப்பெற்றது.

அந்த வாதத்தின் பெரும்பகுதி சரியே. எனினும் மூன்று குறைகள் தெளிவாகியுள்ளன. முதலாவது, குறைந்த விலை கேட்டவர் நிலையத்தைக் கட்டி முடிப்பார் என்பதற்கு ஏலம் மட்டுமே உத்தரவாதம் ஆகாது. இரண்டாவது, விலை வேகமாகச் சரியும் காலத்தில் வாங்குபவர் காத்திருக்கவே விரும்புவார். அடுத்த ஆண்டு இன்னும் மலிவாகும் என்று மாநிலப் பகிர்மானக் கழகங்கள் தள்ளிப்போட்டதால், இந்தியாவில் ஏலம் முடிந்தும் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகாத திட்டங்கள் பல்லாயிரம் மெகாவாட் அளவுக்குத் தேங்கின. தென்னாப்பிரிக்காவில் எஸ்காம் சில ஆண்டுகள் கையெழுத்திட மறுத்தது. தேங்கிக்கிடந்த 27 திட்டங்களுக்கு 2018 ஏப்ரலில்தான் விடிவு பிறந்தது.

மூன்றாவது குறை, பழைய ஒப்பந்தங்களின் மீது விழும் நிழல். 2019ல் ஆந்திராவில் பதவியேற்ற அரசு, முந்தைய ஆட்சியில் அதிக விலைக்குக் கையெழுத்தான காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்ய முயன்றது. விலை பாதியாகிவிட்டபோது ஏன் பழைய விலை கொடுக்கவேண்டும் என்ற கேள்வி சாமானிய மனிதருக்கு நியாயமாகவே படும். ஆனால் கையெழுத்தான ஒப்பந்தம் நிலைக்காது என்றால், அடுத்து வரும் கடனுக்கு வங்கி கூடுதல் வட்டி கேட்கும்; அந்த வட்டியும் மக்கள் கட்டணத்தில்தான் ஏறும். ஒப்பந்த விலையை மாற்ற முடியாது என்று 2022ல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நிலை தெளிவானாலும், முதலீட்டாளரின் நினைவிலிருந்து அந்த இரண்டரை ஆண்டுகள் எளிதில் அழியாது.

நுகர்வோரே தயாரித்துக்கொள்ளட்டும்

நான்காவது விடை மின்வாரியத்தையே நடுவிலிருந்து நகர்த்துகிறது. இதன் பழைய, வெற்றிகரமான எடுத்துக்காட்டு தமிழகத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை வலுவாக வீசுகிறது. முப்பந்தலிலும் சுற்றுவட்டாரத்திலும் காற்றாலை நட்டவர்களில் கணிசமானோர் கோவை, திருப்பூர் பகுதிகளின் நூற்பாலை, ஜவுளி முதலாளிகள். முதலாண்டிலேயே இயந்திரத்தின் மதிப்பைக் கழித்துக்கொள்ள அனுமதித்த வருமான வரிச் சலுகையும், ஆலைகளுக்கான உயர்ந்த மின்கட்டணமும் அவர்களை இந்தப் பக்கம் திருப்பின.

இதைச் சாத்தியமாக்கியது பேங்கிங் என்ற சேமிப்பு முறை. ஆடியில் காற்றாலை சுற்றித் தள்ளும் யூனிட்டில் ஆலைக்குத் தேவைப்பட்டதுபோக மீதியை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைக்கலாம். காற்று ஓய்ந்த தை, மாசி மாதங்களில் அதே யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதற்கான கட்டணத்தை யூனிட்டிலேயே கழித்துக்கொள்வார்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சில் மிஞ்சியதற்கு வாரியம் கொள்முதல் விலையில் 75 விழுக்காடு தரும். இந்த ஏற்பாட்டின் பலத்தில் தமிழகம் நீண்ட காலம் காற்றாலையில் நாட்டின் முதலிடத்தில் இருந்தது.

வாரியத்தின் பக்கம் நின்று பார்த்தால் படம் மாறுகிறது. கணக்கில் வரவு வைக்கலாமே தவிர, ஆடி மாத மின்சாரத்தை மாசிக்கு எடுத்துவைக்கக் கிடங்கு எதுவும் கிடையாது. மாசியில் ஆலை கேட்கும் யூனிட்டை வாரியம் நிலக்கரியிலோ சந்தையிலோ அன்றைய விலைக்கு வாங்கித் தரவேண்டும். காற்றாலை உரிமையாளருக்கோ, கோடையின் கடும் தேவையில் தங்கள் மின்சாரம் வாரியத்துக்குத் தோள்கொடுத்த கணக்கை யாரும் சேர்ப்பதில்லை என்ற குறை. புதிய காற்றாலைகளுக்கு இந்த வசதியைச் சுருக்க எடுத்த முயற்சிகள் வழக்குகளாக நீண்டதற்கு இதுவே காரணம். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது.

கூரை மேல் சூரியத் தகடு மலிவானதும், ஆலை முதலாளிக்கு மட்டும் இருந்த இந்தத் தெரிவு நடுத்தர வீட்டுக்கும் வந்தது. பாகிஸ்தான் இதன் உச்சம். 1994ஆம் ஆண்டுக் கொள்கையிலிருந்து தொடங்கிய தனியார் அனல்மின் ஒப்பந்தங்களில், மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிறுவு திறனுக்கான நிலைக்கட்டணத்தைச் செலுத்தவேண்டும். அது ஏறிக்கொண்டே போய், 2022க்குப் பிறகு கட்டணம் தாங்க முடியாத அளவை எட்டியது. மக்கள் சீனத் தகடுகளை நாடினர். 2024 ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17,000 மெகாவாட் தகடுகள் இறக்குமதியாயின. அரசுத் திட்டம் ஏதும் முன்னின்று நடத்தாத மாற்றம் இது. ஆனால் வசதி உள்ளவர் விலகியபின் பழைய நிலைக்கட்டணம் முழுவதும் மீதமிருப்பவர் தலையில் விழுகிறது. வாடகை வீட்டுக்காரருக்கும் கூரையே சொந்தமில்லாதவருக்கும் விலகும் வழி இல்லை. கூரை மின்சாரத்துக்குத் தரும் விலையை 27 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக்க அமைச்சரவையின் பொருளாதார ஒருங்கிணைப்புக் குழு 2025 மார்ச்சில் எடுத்த முடிவு, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

வளர்ந்த நாடுகள் பொறுப்பேற்கட்டும்

ஐந்தாவது விடை கேள்வியை எல்லை தாண்டி எடுத்துச்செல்கிறது. வானில் சேர்ந்த கரியமில வாயுவில் பெரும்பங்கு வளர்ந்த நாடுகளுடையது. எனவே தூய ஆற்றலுக்கு மாறும் செலவிலும் பெரும்பங்கு அவர்களுடையதாக இருக்கவேண்டும். இந்த அற வாதத்துக்குப் பொருளாதார அடிப்படையும் உண்டு. சூரிய மின்நிலையத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. செலவு முழுவதும் முதலீடும் அதன் வட்டியும்தான். அதனால் ஐரோப்பாவைவிட நல்ல வெயில் அடிக்கும் ஆப்பிரிக்க நாட்டில், உயர்ந்த வட்டி காரணமாகவே யூனிட் விலை அதிகமாகிவிடும்.

2021ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர், 2022ல் இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி, வியட்நாமுக்கு 1,550 கோடி என்று நியாயமான மாற்றத்துக்கான கூட்டு ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. இவற்றின் மீதான முதன்மை விமர்சனம், நேரடி மானியம் சிறிய பங்கு, மீதி கடன் என்பது. ஏற்கெனவே கடனில் தத்தளிக்கும் நாட்டுக்குக் கடனையே மருந்தாகக் கொடுப்பதன் வரம்பு வெளிப்படை. மேலும், 2025ல் அமெரிக்கா இந்த ஒப்பந்தங்களிலிருந்து விலகியது, அயல்நிதியை மட்டும் நம்பி நீண்ட காலத் திட்டம் வகுப்பதன் ஆபத்தைக் காட்டியது.

எல்லா விடைகளும் தொடாமல் விட்டவை

மேற்கண்ட ஐந்தும் தமக்குள் மோதினாலும், பெரும்பாலும் உற்பத்தியையே பேசின. அண்மைக் காலத்தின் சிக்கல்கள் வேறு மூன்று இடங்களில் எழுகின்றன.

ஒன்று, கம்பி. கென்யாவின் துர்க்கானா ஏரிக்கரையில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட் திறனுடன், 2017லேயே தயாராகிவிட்டன. 400 கிலோமீட்டருக்கும் நீண்ட மின்பாதை 2018 செப்டம்பரில்தான் முடிந்தது. சும்மா நின்ற காலத்துக்கு அரசு இழப்பீடு தரவேண்டி வந்தது. தென்னாப்பிரிக்காவின் 2022 ஏலத்தில், காற்று மிகுந்த கேப் பகுதிகளில் மின்பாதையில் இடமில்லாததால் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. மின்வெட்டால் நாடு தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

இரண்டு, நேரம். இலங்கையில் 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. விடுமுறை நாளில் தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகம், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் மின்தொகுப்பில் இல்லை என்று மின்சார சபை விளக்கியது. பெரிய அனல், நீர்மின் நிலையங்களின் சுழலும் இயந்திரங்கள் தம் எடையாலேயே சில நொடிகள் அதிர்ச்சியை உள்வாங்கும். சூரியத் தகட்டுக்கு அந்தக் குணம் இயல்பாக இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடியிருந்தபோது, கூரை மின்சாரத்தைப் பகலில் நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களை அச்சபை கேட்டுக்கொண்டது. மின்கலச் சேமிப்பும், நீலகிரியில் குந்தாவில் கட்டப்பட்டுவரும் 500 மெகாவாட் திட்டம் போன்ற நீரேற்று மின்நிலையங்களும் இதற்கு விடையாகலாம். அவற்றின் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி.

மூன்று, நிலம். கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் அமைந்த 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா, நிலத்தை விலைக்கு வாங்காமல் ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. வறண்ட நிலத்துக்கு நிலையான வருமானம் வந்ததால் இது முன்மாதிரி எனப் பாராட்டப்பட்டது. ஆனால் குத்தகை நிலம் வைத்திருப்பவருக்கு மட்டுமே. அந்த நிலத்தில் கூலிவேலை செய்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் அதில் பங்கில்லை. துர்க்கானாவிலும் காற்றாலை நிலத்தின் பட்டா முறைப்படி வழங்கப்படவில்லை என்று 2021ல் கென்ய நீதிமன்றம் கூறியது.

மதிப்பீடு: தீர்ந்தவை, தீராதவை

நாற்பது ஆண்டு அனுபவத்திலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வளரும் நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்ற பழைய வாதம் உற்பத்திச் செலவைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. நிலையான விலையா, ஏலமா என்ற விவாதமும் பெருமளவு தணிந்துவிட்டது: தொழில் வேரூன்றும் காலத்துக்கு முன்னது, வேரூன்றியபின் பின்னது என்பது பல நாடுகளின் போக்கில் தெரிகிறது.

இன்னொன்றும் தெரிகிறது. எந்தக் கொள்கையும் ஆபத்தை ஒழிக்கவில்லை. ஒரு தோளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது. மாறி மாறிப் பெரும்பாலும் அது வந்து நின்ற இடம் பகிர்மான நிறுவனம். தமிழகத்தின் பகிர்மானக் கழகத்தின் திரண்ட இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதும், எஸ்காமின் கடனில் 25,400 கோடி ராண்டைத் தென்னாப்பிரிக்க அரசு 2023ல் ஏற்க முன்வந்ததும், ஈ.வி.என். 2022ல் பெரும் நட்டம் கண்டதும் வெவ்வேறு காரணங்களால் நேர்ந்தவை. ஆனால் மூன்றிலும் விளைவு ஒன்றே. வாங்குபவர் நலிந்தால், எவ்வளவு மலிவான மின்சாரமும் விற்காது. புதிய கம்பிக்கும் சேமிப்புக்கும் பணம் இருக்காது. எனவே புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் எதிர்காலத்தை இனி மெகாவாட் இலக்குகளைவிடப் பகிர்மான நிறுவனத்தின் நிதிநிலையை வைத்து அளப்பதே பொருத்தமாக இருக்கும்.

அந்த நிதிநிலையை எப்படிச் சீராக்குவது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. மானியத்தை வாரியத்தின் இழப்பாகப் புதைக்காமல், அரசின் வரவுசெலவில் வெளிப்படையாக எழுதி உரிய காலத்தில் செலுத்தவேண்டும் என்பதைப் பெரும்பாலான தரப்புகள் கொள்கையளவில் ஏற்கின்றன. நடைமுறையில் வெகு சில அரசுகளே கடைப்பிடிக்கின்றன. கூரையில் தயாரிப்பவர் தொகுப்பைப் பயன்படுத்துவதற்கு எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க அளவுகோல் உருவாகவில்லை. மின்கலத்தின் விலை இப்போதைய வேகத்தில் குறைந்தால், இங்கே பேசிய நேரச் சிக்கலின் பெரும்பகுதி கரையக்கூடும்; அதே வீழ்ச்சி, வசதியுள்ளவர் தொகுப்பை விட்டு அடியோடு வெளியேறவும் உதவக்கூடும். இரண்டில் எது முந்தும் என்பதைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்மானிக்காது. விலகிச் செல்ல முடியாத ஏழை நுகர்வோரின் கட்டணத்தை எந்த அரசு முதலில் பாதுகாக்கிறதோ, அந்த நாட்டின் அனுபவமே இந்தப் பழைய கேள்விக்கு அடுத்த விடையைத் தர வாய்ப்புள்ளது.